பாட்டு உண்டு, செய்தி இல்லை

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் எதிரெதிரே. நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களின் தமிழும் உள்ளூர் மலையாளமும் கலக்கும் இடம். ஆட்டோக்களில் எஃப்.எம். பாட்டு.

இந்நகருக்கு வானொலி புதிதல்ல. 1943இலேயே திருவிதாங்கூர் சமஸ்தானம் சொந்த நிலையம் தொடங்கியது. 1950இல் அது அகில இந்திய வானொலியின் கைக்குப் போனது. தனியார் எஃப்.எம்.கள் வந்தது 2000களின் பிற்பகுதியில்தான். அவற்றில் ஒன்று மாத்ருபூமி நாளிதழ்க் குழுமத்தின் கிளப் எஃப்.எம். இந்த நிலையங்களுக்கு விளம்பரம்தான் வருமானம். வானிலை, போக்குவரத்து நெரிசல் பற்றிச் சொல்லலாம். சொந்தச் செய்தி கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே மறுஒலிபரப்பலாம், அவ்வளவுதான். பத்திரிகை நடத்துபவர்களுக்கே வானொலியில் வாய்ப்பூட்டு!

ரயில் நிலையத்துக்கு அடியில் ஆமயிழஞ்சான் என்ற ஓடை செல்கிறது. 2024 ஜூலை 13 அன்று அதில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். தண்டவாளங்களுக்குக் கீழே மலையாய்க் குவிந்த கழிவுகளுக்கிடையே தேடினார்கள். 15ஆம் தேதிதான் உடல் கிடைத்தது. டி.வி. சேனல்கள் நேரடியாகக் காட்டின. அதே ஊர் எஃப்.எம். நிலையம் ஒரு நிருபரை அனுப்பி அதைச் சொல்ல விதியில் இடமில்லை.

மணிக்கு 10 நிமிடம் செய்தி சொல்ல அனுமதிக்கலாம் என்று டிராய் பரிந்துரைத்தது அதற்கு முந்தைய ஆண்டு, 2023 செப்டம்பரில்.