மூக்கை அளந்தவர், பாட்டைப் பதிந்தவர், ஊர்க்காரர்

சேலத்தில் நின்று வடக்கே நிமிர்ந்து பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். 1890-களில் அந்த மலையில் வாழும் மலையாளி மக்களை ஒருவர் அளந்தார். (இவர்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. பேசுவது தமிழ்தான்.) அளந்தார் என்றால் நிஜமாகவே அளந்தார்... மூக்கின் நீளம், அகலம், மண்டையின் சுற்றளவு எல்லாம். அவர் பெயர் எட்கர் தர்ஸ்டன். படித்தது மருத்துவம். வேலை, சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர்.

மானிடவியல் என்ற படிப்பு இந்தப் பக்கம் வந்த விதம் இதுதான். மூக்கின் அளவை வைத்துச் சாதிகளை வரிசைப்படுத்திவிடலாம் என்று அன்றைய அறிஞர்கள் சிலர் நம்பினார்கள். இன்று அதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அளக்கப்பட்டவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னைக் கண்டு மக்கள் பயந்ததைத் தர்ஸ்டனே எழுதியிருக்கிறார். வயநாட்டுப் பணியர் பெண்கள், நல்ல உருவமாகப் பார்த்துப் பிடித்துப் பாடம் செய்து மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று நினைத்தார்களாம்! கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகள்தான், இன்றைக்கும் சாதிச் சங்கங்கள் தங்கள் பெருமைக்குப் புரட்டுகிற நூல்.

அதே சமயத்தில் ஐரோப்பாவில் செக் மக்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அவர்களும் அன்று ஆஸ்திரியப் பேரரசுக்கு அடங்கியவர்கள்தான். ஆனால் 1891-இல் தங்கள் மொழியிலேயே 'செஸ்கி லித்' (செக் மக்கள்) என்ற ஆய்விதழைத் தொடங்கிவிட்டார்கள். 1895-இல் பிராகில் தங்கள் கிராமத்து வீடு, உடை, பழக்கவழக்கம் எல்லாவற்றையும் வைத்துப் பெரிய கண்காட்சியே நடத்தினார்கள். நாங்களும் ஒரு தேசம் என்று காட்டும் ஆசைதான் அதற்குப் பின்னால் இருந்தது. அதில் மிகைப்படுத்தலும் இருந்திருக்கும். இருந்தாலும் எழுதியவரும் எழுதப்பட்டவரும் ஒரே மொழிக்காரர்கள்.

இங்கே அப்படி நடக்க ரொம்ப நாளாயிற்று. ரிச்சர்ட்ஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி எழுதிய சேலம் மாவட்ட கெஜட்டியர் 1918-இல் வந்தது. எந்தச் சாதியில் கல்யாணம் எப்படி என்பதெல்லாம் அதில் உண்டு. ஆங்கிலத்தில். 1945-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை வந்தது. அதுவும் ஆங்கிலத்தில்தான்.

தமிழில் இந்த வேலையை ஆரம்பித்தவர்கள் பேராசிரியர்கள் அல்ல, பத்திரிகைக்காரர்களும் ஆசிரியர்களும். பெர்சி மாக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சேகரித்து வைத்திருந்த நாட்டுப் பாடல்களை 1958-இல் 'மலையருவி' என்று பதிப்பித்தவர் 'கலைமகள்' ஆசிரியர் கி.வா. ஜகந்நாதன். நாமக்கல் பக்கம் காவிரிக் கரையில் இருக்கும் மோகனூரோடு தொடர்புள்ளவர். தெற்கே பாளையங்கோட்டையில் நா. வானமாமலை 1967-இல் நெல்லை ஆய்வுக் குழுவை அமைத்தார். கல்லூரிக்குள் இந்தப் படிப்பு நுழைந்தபோது பெயரிலேயே தகராறு! தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அது 'நாட்டுப்புறவியல்'. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் 'நாட்டார் வழக்காற்றியல்'. மாணவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

கொங்கு நாட்டுக்கு வந்த ஆய்வாளர்களில் முக்கியமானவர் பிரெண்டா பெக். ஆக்ஸ்போர்டு மாணவியாக 1964-இல் வந்து, காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கி இரண்டு வருடம் வாழ்ந்தார். யார் மூக்கையும் அளக்கவில்லை. அண்ணன்மார் கதையை (நம் பொன்னர் சங்கர் கதைதான்) உடுக்கடித்துப் பாடுகிறவரை இரவிரவாகப் பாடச் சொல்லி டேப்பில் பதிந்தார். தர்ஸ்டனுக்கும் இவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம்! ஒருவர் உடம்பைப் பார்த்தார், இன்னொருவர் உட்கார்ந்து காது கொடுத்தார். ஆனாலும் 1972-இல் புத்தகம் வந்தது ஆங்கிலத்தில், கனடாவில். மானிடவியலுக்குப் பக்தவத்சல பாரதியின் 'பண்பாட்டு மானிடவியல்' என்ற தமிழ்ப் பாடநூல் கைக்கு வர 1990 ஆகிவிட்டது.

பிறகு ஊர்க்காரரே எழுத வந்தார். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்குச் சொல்லகராதி செய்தது போல, திருச்செங்கோட்டுப் பக்கத்தவரான பெருமாள்முருகன் 2000-இல் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' கொண்டுவந்தார். காட்டிலும் கட்டுத்தரையிலும் புழங்கிய சொற்கள் அச்சேறின. அதில் யாருக்கும் பிரச்சினை இல்லை.

பிரச்சினை வந்தது வழக்கத்தை எழுதியபோது. 2010-இல் வந்த 'மாதொருபாகன்' நாவல்தான், ஆய்வு நூல் அல்ல. ஆனால் குழந்தையில்லாத பெண்கள் பற்றித் திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவை ஒட்டி வாய்வழியாகச் சொல்லப்படும் ஒரு வழக்கத்தை அது தொட்டது. நாலு வருடம் சும்மா இருந்துவிட்டு 2014 டிசம்பரில் எதிர்ப்புக் கிளம்பியது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை. எழுத்தாளர் வருத்தம் தெரிவித்துக் கையெழுத்துப் போட்டார், இனி எழுதப் போவதில்லை என்றும் அறிவித்தார். எதிர்த்தவர்களின் வருத்தம் பொய்யென்று சொல்லிவிட முடியாது. தன் அம்மாவை, பாட்டியைப் பற்றிய பேச்சாக அதைக் கேட்டவர்கள் உண்டு. ஆனால் ரிச்சர்ட்ஸ் காலத்தில் ஊர் வழக்கத்தையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டது இதே மாவட்ட நிர்வாகம்தானே?

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர் திரும்பவும் எழுத வந்தார். மனிதர்களைப் பற்றி எழுத அச்சமாக இருக்கிறது என்றார். அந்த வருடமே வந்த நாவல் 'பூனாச்சி'. அதன் நாயகி ஒரு வெள்ளாட்டுக் குட்டி.