ஏற்காட்டில் கூடார வாசம்

குழந்தைகளுடன் ஏற்காடு செல்ல விரும்புவோர், கோடை விழாக் கூட்டத்துக்கு முன்னதாகப் பங்குனியிலேயே சென்று கூடாரமடித்துத் தங்குவது உத்தமம். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள். ஆதலால் குழந்தைகளுக்கு அரை வயிற்று ஆகாரமே போதும். சுமார் 1,500 மீட்டர் உயரமாதலால் இரவில் கம்பளி அவசியம்.

உரியவர் அனுமதியுடன் ஒரு காப்பித் தோட்டத்தில் வேனை நிறுத்தி, அருகே கூடாரமடித்தோம். இரண்டாம் இரவு மழை கொட்டிற்று. குழந்தைகள் நடுங்கி அழவே, விடிந்ததும் ஊர் திரும்புவதென்று நிச்சயித்தோம். காலையில் பார்த்தால், தோட்டத்து ஜனங்களின் முகங்களிலோ திருவிழாக் களை!

காரணம் இதுதான்: வறட்சியில் உறங்கும் காப்பி மொட்டுகள் பங்குனி, சித்திரை மழைக்குப் பிறகே, சுமார் 10 நாளில், வெள்ளை வெளேரென்று மலர்கின்றன. அம்மழை தவறினால் மகசூல் குன்றும். 19-ஆம் நூற்றாண்டில் சேலம் கலெக்டர் காக்பர்ன் என்பவர் இம்மலைக்குக் கொணர்ந்த பயிர் இது. இன்று அதற்காக வானத்தை நோக்குகிறவர்கள் நம் மக்களே.

இதைக் கேட்டதும் குழந்தைகளின் அழுகை நின்றது. நாங்களும் இன்னும் இரண்டு நாள் தங்கினோம். மலையில் மழை பிடித்துக்கொண்டால் பெற்றோர் சலித்துக்கொள்ளாமல், அது யாருடைய சோறு என்பதைக் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்வார்களாக.