கால் எடுத்த பின்னும் இறுகி நிற்கும் பிரேக்

இறைஇயேசுவில் அன்புக்குரிய ஷரஃபியா வாழ் சகோதரர்களே,

ஜித்தாவில் பிக்கப் வண்டி ஓட்டிப் பிழைக்கும் நம் பங்கு மக்களுள் ஒருவர் அண்மையில் வருந்தி எழுதியிருந்தார். அவருடைய வண்டி வழக்கத்தைவிட அதிகம் டீசல் குடிக்கிறது. முதலாளியோ, "நீ திருடி விற்கிறாய்" என்கிறார். கூடவே, வண்டி ஒரு பக்கமாக இழுப்பதாகவும், முன்சக்கரத்தில் தீய்ந்த வாடை வருவதாகவும் குறிப்பிட்டிருந்தார். நம் பங்கிலுள்ள அனுபவமிக்க மெக்கானிக் ஒருவரிடம் அதைக் காட்டினேன். "சாமி, இது திருட்டு அல்ல, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது" என்றார். அவர் விளக்கியதை உங்கள் அனைவருக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் எந்தச் சக்கரம் என்று அறியுங்கள். சிறிது தூரம் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தருகேயும் புறங்கையைக் கொண்டு சென்று வெப்பத்தை ஒப்பிடுங்கள். தொடாதீர்கள், கை வெந்துவிடும். சூடான டிஸ்க்கின்மேல் தண்ணீர் ஊற்றவும் கூடாது. பிறகு சமதரையில் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்துச் சுழற்றிப் பாருங்கள்.

ஒரு சக்கரம் மட்டும் இறுகியிருந்தால், இறுகியிருக்கும் அந்த நிலையிலேயே ஏர் எடுக்கும் நிப்பிளைச் சற்றுத் தளர்த்தச் சொல்லுங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால், உள்ளே அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறது. விடுபடாவிட்டால் கோளாறு இரும்பில் இருக்கிறது: காலிப்பர் பிஸ்டன் துருவேறியிருக்கலாம், அதன் பின்கள் இறுகியிருக்கலாம், பின்சக்கரமானால் ஷூ ஸ்பிரிங்கோ ஹேண்ட் பிரேக் கேபிளோ காரணமாகலாம்.

அழுத்தம் சிறைப்பட்டது தெரிந்தால், மறுமுறை இறுகும்போது ரப்பர் ஹோஸின் மேல்முனை இணைப்பைத் தளர்த்துங்கள். அப்போதும் விடுபடாவிட்டால் ஹோஸ்தான் குற்றவாளி. வெளியே பார்க்கப் புதிதுபோல இருக்கும். உள்சுவர் வீங்கி, போன ஆயிலைத் திரும்பவிடாது. அங்கே விடுபட்டால் கோளாறு மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம்.

நான்கு சக்கரங்களும் சேர்ந்து இறுகினால், பெடலில் சிறிதளவு தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் ஆயில் திரும்பும் துளை அடைபடும். ஓட ஓட ஆயில் சூடேறி விரிந்து பிடி இறுகும். பிரேக் ஆயிலுக்குப் பதிலாக வேறு எண்ணெய் ஊற்றியிருந்தால் ரப்பர் சீல்கள் எல்லாம் வீங்கிப்போகும்.

இதை அலட்சியம் செய்யலாகாது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரமேறியபின் அவ்வளவு 140 ஆகக் குறையலாம். கடலோர ஜித்தாவின் ஈரக்காற்றை நான் சொல்ல வேண்டியதில்லை. சுமார் 1,800 மீட்டர் உயரத்துத் தாயிஃபிலிருந்து அல் ஹதா மலைச்சாலையில் இறங்கும்போது, ஏற்கனவே சூடேறிய ஆயில் கொதித்தால் பெடல் வெறுமையாக உள்ளே போய்விடும். ஆகவே, இன்று பிடித்துக்கொள்ளும் பிரேக் நாளை பிடிக்காமலே போகக்கூடும்.

எனவே சனாயாவுக்குச் சென்று கோளாறைக் கண்டறிந்ததும், கழற்றிய உதிரிப்பாகத்தையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியிடம் பணிவோடு காட்டுங்கள். நேர்மையாளனுக்கும் சான்று தேவைப்படுகிறது. அதைத் தேடிக்கொள்வது விசுவாசக் குறைவு அன்று.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். கடன், வீட்டு நினைவு, பொய்ப்பழி என்று உங்கள் நெஞ்சிலும் அழுத்தம் நிற்கிறது. வெளியே எல்லாம் நலமாகத் தோன்றும்; உள்ளே திரும்பும் வழி அடைபட்டிருக்கும். அறையிலுள்ள நண்பனிடமாவது பேசுங்கள், எனக்கு எழுதுங்கள். ஆண்டவரிடம் அழவும் தயங்காதீர்கள்.

உங்கள் ஒவ்வொரு பயணத்தையும் திருப்பலியில் ஒப்புக்கொடுக்கிறேன். இறையாசீர் உங்களோடு இருப்பதாக.

உங்கள் பங்குத்தந்தை