படகு விசிறியும் கிணற்று மோட்டாரும்

கரிவலம்வந்தநல்லூரில் படகு கிடையாது. நிட்சேப நதியும் மழையை நம்பி ஓடும் நதிதான். ஆனாலும் படகுக்கு எந்தப் புரொப்பல்லர் பொருந்தும் என்று அந்த ஊர் விவசாயியிடம் கேட்டால், பாதி விடையை அவரே சொல்லிவிடுவார். போர் ஆழமாக இருந்தால் ஸ்டேஜ் அதிகமுள்ள மோட்டார் வேண்டும். தண்ணீர் கொஞ்சமாக வரும், ஆனால் மேலே வந்து சேரும். ஆழம் குறைவென்றால் ஸ்டேஜ் குறைந்த மோட்டார் போதும், தண்ணீர் கொட்டும். இரண்டும் ஒரே குதிரைத்திறனாகவே இருக்கலாம். பொருத்தம்தான் வேறு!

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினிலும் இதே கதைதான். புரொப்பல்லரில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று விட்டம், மற்றொன்று பிட்ச். மரத்தில் திருகாணி ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்குமோ, அதுபோல விசிறி ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னே போகவேண்டும் என்பதே பிட்ச். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று, கியர் அதைப் பாதியாக்குகிறது, பிட்ச் 9 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி மணிக்கு 34 கிலோமீட்டர் போகவேண்டும். போகாது. தண்ணீர் மரமல்ல, வழுக்கும். சுமை கூடக்கூட வழுக்கலும் கூடும்.

பாண்டூன் படகு என்பது உருளை மிதவைகளின் மேல் கட்டிய தட்டை மேடை. கட்டுமரத்துக்குத் தூரத்துச் சொந்தம் எனலாம். (கட்டுமரம் என்ற நம் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் இரட்டை உடல் படகின் பெயராகிவிட்டது.) அகலமான, கனமான, மெதுவான இந்த வகைப் படகுக்கு விட்டம் பெரிதாகவும் பிட்ச் சிறிதாகவும் இருப்பது நல்லது. வேகத்துக்கு ஆசைப்பட்டுப் பெரிய பிட்ச் போடுவது, ஆரியங்காவு ஏற்றத்தில் சுமை லாரியை டாப் கியரில் ஓட்டுவதுபோல. எஞ்சின் திணறும், சூடாகும், எரிபொருளைக் குடிக்கும். பிட்ச் மிகவும் சிறிதானாலும் ஆபத்துதான். எஞ்சின் அளவுமீறிச் சுற்றும்.

சரியானதைக் கண்டுபிடிக்க வழி எளிது. முழு த்ராட்டிலில் எத்தனை சுற்று வரவேண்டும் என்று எஞ்சின் புத்தகத்தில் இருக்கும். படகை ஓட்டி, மீட்டரில் அளந்து பார்க்கவேண்டும். குறைவாக வந்தால் பிட்ச்சைக் குறைக்கவேண்டும். ஒரு அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று கூடும்.

ஆனால் எப்போது அளப்பது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காலிப் படகை ஓட்டிப் பார்த்து, "அருமையாகப் போகிறது" என்று வாங்கிவிடுவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் பெருகிய ஃபைபர் படகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது பாரம் குறைவு. திரும்பும்போது நனைந்த வலை, மீன், எதிர்க்காற்று. அந்தத் திரும்பும் பயணத்துக்குத்தான் புரொப்பல்லர் வாங்கவேண்டும். பங்கு முறையில் தொழில் செய்யும் படகுகளில் எரிபொருள் செலவைக் கழித்த பிறகே மீன் விற்ற பணத்தைப் பிரிப்பார்கள். தவறான விசிறி வீணாக்கும் ஒவ்வொரு லிட்டரும், விசிறி வாங்கும்போது யோசனை கேட்கப்படாத கூலி மீனவனின் பங்கிலிருந்தும்தான் போகிறது.

பெரிது என்றால் நல்லது என்ற நினைப்பு பழையது. 1837-இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் மரத்தாலான நீண்ட திருகு ஒன்றைப் படகில் பூட்டிக் கால்வாயில் ஓட்டினார். திருகில் பாதி உடைந்து விழுந்தது. படகு முன்பைவிட வேகமாக ஓடியது!

இலைகள் மூன்றா நான்கா என்பது அடுத்த கேள்வி. நான்கு இலை பாரத்தை நன்றாகப் பிடித்துத் தள்ளும், உச்ச வேகம் சற்றுக் குறையும். அலுமினியம் மலிவு, பாறையில் பட்டால் வளையும். ஸ்டீல் விலை அதிகம், ஆனால் பலமாக மோதினால் அடி கியருக்கும் போகலாம். எதை வாங்கினாலும், கழற்றிய பழைய விசிறி நல்ல நிலையில் இருந்தால் காயலான் கடைக்குப் போடாமல், ஒரு ஸ்பேனரும் இரண்டு பின்களும் சேர்த்துப் படகிலேயே வைத்துக்கொள்ளலாம். நடுக்கடலில் மெக்கானிக் கடை இல்லை.