உப்புதான் வேலி: இளஞ்சிவப்பு ஏரியில் ஒரு பாசிப் பண்ணை

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து கடலோரமாகவே வடக்கே 500 கிலோமீட்டருக்கும் மேல் போகவேண்டும். ஜெரால்டன் ஊரைத் தாண்டினால் கோதுமை வயல்களும் ஆட்டு மந்தைகளும்தான். போர்ட் கிரிகோரி என்ற சின்ன ஊரை நெருங்கும்போது, சாலையோரம் ரோஜாப்பூ நிறத்தில் தண்ணீர் விரிகிறது. அதுதான் ஹட் லகூன். சுமார் 14 கிலோமீட்டர் நீள ஏரி. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல்மேடு. அதன் அடியில் கசிந்து வரும் கடல்நீர், வெயிலில் வற்றி உப்பாகிறது. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளப் பாத்திகளில் நீர் சிவப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த நிறம் புதிதல்ல.

நிறத்துக்கு முக்கியக் காரணம், துனாலியெல்லா சலைனா என்ற நுண்பாசி. கேரட்டில் இருக்கும் அதே பீட்டா கரோட்டின், இதன் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூட சேரும். உணவுக்கு நிறம் கொடுக்கவும், வைட்டமின் ஏ சத்துக்காகவும் உலகம் முழுக்க இதற்குத் தேவை இருக்கிறது. அதற்காகவே ஏரியில் 250 ஹெக்டேரில், அதாவது 600 ஏக்கருக்கு மேல், குளங்கள் அமைத்திருக்கிறார்கள்.

அத்தனையும் திறந்தவெளி. காற்றும் பறவையும் எதைவேண்டுமானாலும் கொண்டுவந்து போடலாம். மனிதர் சாப்பிடும் பொருள் என்பதால், மருந்தடித்துச் சமாளிக்கவும் முடியாது. வயலைப்போலவே இங்கும் களை உண்டு, மேய்ச்சலும் உண்டு. களை, துனாலியெல்லா விரிடிஸ் என்ற பங்காளிப் பாசி. பச்சையாகவே இருக்கும்; அறுவடை செய்தாலும் கரோட்டின் கிடைக்காது. மேய்வது, ஃபேப்ரியா என்ற ஒருசெல் உயிரியும் ஆர்டீமியா என்ற உப்புநீர் இறாலும். இவை பெருகிவிட்டால் குளத்துப் பாசி சில நாட்களிலேயே காலியாகிவிடும்.

இதற்கெல்லாம் ஒரே வேலி உப்பு. கடல்நீரில் உப்பு 3.5 சதவிகிதம்தான். துனாலியெல்லா சலைனா வேகமாக வளர, 20 சதவிகிதத்தை ஒட்டிய உப்பு போதும். ஆனால் அந்த அளவில் எதிரிகளும் தாக்குப்பிடிக்கும். அதனால், வளர்ச்சி குறைந்தாலும் பரவாயில்லை என்று உப்பை அதற்கும் மேலே ஏற்றிவைப்பதுதான் இந்தச் சாகுபடியின் சூட்சுமம். இந்தப் பாசி தன் உடம்புக்குள் கிளிசரால் சேர்த்துவைத்து உப்பைச் சமாளிக்கிறது, மற்றவை ஒதுங்கிவிடுகின்றன. உப்பும் வெயிலும் கூடக்கூட கரோட்டினும் கூடுவதால், மகசூல் இழப்பு ஓரளவு ஈடாகிறது. நெருக்கடி, மழைக்காலத்தில்தான். அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்கால மழை. மழைநீர் உப்பைக் கரைத்து நீர்க்கச் செய்தால், வேலியில் ஓட்டை விழுந்த மாதிரிதான்.

நம் ஊர் சுருள்பாசித் தொட்டிகளில் இதே காவலைச் செய்வது சோடா உப்பு. பி.ஹெச் 9.5 முதல் 10.5 வரை இருந்தால், பெரும்பாலான வேற்றுப் பாசிகள் தலைகாட்டாது. மழைத்தண்ணீர் தொட்டியில் இறங்கினால் அங்கேயும் இதே கதைதான். நல்ல தண்ணீரில் வளரும் குளோரெல்லாவுக்கு இப்படி ஒரு வேலியே கிடையாது. வளர்ப்பவர் பாடு திண்டாட்டம்.

இன்னொரு வேடிக்கை, பாசிக் குளத்தில் திருட்டு மேய்ச்சல் மேயும் அந்த ஆர்டீமியாவையே இதே ஏரியில் இன்னொரு பக்கம் பிடித்து, மீன், இறால் தீவனமாக விற்கிறார்கள். நம் கடலோரத்தில் இறால் குஞ்சுப் பொரிப்பகம் வைத்திருப்பவர்கள், அதன் பெயரைக் கேட்டதும் முதலில் விலையைத்தான் விசாரிப்பார்கள்.