கழன்ற ரப்பர்

மம்சாபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் ஒருநாள் என் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார். தான் கண்டுபிடித்தது ஒரு பொய் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து இதை எழுதுவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

2012 கார்த்திகை மாதம். கல்லூரி முடித்துவிட்டு ஊரில் சும்மா இருந்தேன். எங்கள் ஊர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மலையைப் பார்த்த மாதிரி இருக்கும். வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மேற்கே முழுக்க மலைதான். அந்த மலை 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது என்பதை அந்த வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். (2021-இல் மேகமலையோடு சேர்த்து அதைப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அது பின்னால்.) அணில்களின் கூடுகளை எண்ணும் ஒரு ஆய்வுத் திட்டத்துக்கு உள்ளூர்ப் பையன் ஒருவன் தேவைப்பட்டான். நான் போனேன்.

இந்த அணில் நம் வீட்டுக்கூரையில் ஓடுகிற அணில் இல்லை. வாலோடு சேர்த்தால் நம் கை நீளத்தைத் தாண்டும். தரைக்கு அதிகம் இறங்காது. மரத்துக்கு மரம் தாவியே வாழ்கிறது. அதனால் மர உச்சிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஓடைக்கரைகள்தான் அதற்குப் பிடித்த இடம். அணிலை எண்ணுவது கஷ்டம். கூட்டை எண்ணலாம். இலையும் சுள்ளியும் சேர்த்துப் பந்து மாதிரி கிளைக்கவையில் கட்டியிருக்கும். ஒரே அணில் ஒன்றுக்கு மேற்பட்ட கூடு வைத்திருக்கும் என்பதால் கூட்டின் எண்ணிக்கை அணிலின் எண்ணிக்கை ஆகாது. ஆனாலும் எங்கே கூடு இருக்கிறது என்று தெரிந்தால் எந்த மரங்களை விட்டுவைக்க வேண்டும் என்று தெரியும்.

எங்கே என்பதைக் குறிக்கத்தான் எனக்கு அந்தக் கருவியைக் கொடுத்தார்கள். கையடக்க ஜிபிஎஸ். மஞ்சள் நிறம், சோப்புக்கட்டியை விடக் கொஞ்சம் பெரிசு, சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற மாதிரி ரெண்டு பேட்டரி. விலை அப்போது என் மூணு மாசச் சம்பளம். ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

இன்றைக்கு எல்லார் போனிலும் இருக்கிற விஷயம்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு அது மாயம். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள் தங்கள் நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நாலு கோள்களின் சமிக்ஞை வந்து சேரத் தாமதமான நேரத்தை வைத்துக் கருவி தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது. 2000 மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. நூறு மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். பிழையை நிறுத்திய பிறகுதான் ஒரு மரத்தைக் குறிக்கிற அளவுக்கு அது உதவியது. அப்படியும் செண்பகத்தோப்பு ஓடைக்குள் அடர்ந்த மரத்தடியில் நின்றால் பத்துப் பதினைந்து மீட்டர் அலைபாயும்.

கூட வந்தவர் அலைபாய மாட்டார். செண்பகத்தோப்புப் பளியர் குடியிருப்பைச் சேர்ந்த பெரியவர். நான் தாத்தா என்று கூப்பிடுவேன். ஒவ்வொரு மரத்துக்கும் அவரிடம் பெயர் இருந்தது. 'பன்னி உரசுன மருது', 'இடி விழுந்த மா', 'அண்ணன் தேன் எடுத்த புளி'. என் கருவியில் பெயர் வைக்க ஆறு எழுத்துக்குத்தான் இடம், தமிழும் ஏறாது. எனவே நான் நம்பர் போட்டேன். பன்னி உரசுன மருது எனக்கு நாற்பத்தேழு.

அந்த மாடலில் பொத்தான்கள் பக்கவாட்டில் இருக்கும். கருவியைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை ஓடும். அழகுக்காகப் போட்டது என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். பொத்தான்களை மூடுவதும், மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேருகிற இடத்தை மறைப்பதும் அதுதான். அது போனால் தண்ணீர் போவதற்கு வழி கிடைத்துவிடும்.

ஒரு மழைநாள் பாறை ஒன்றில் ஏறுவதற்காகக் கருவியைத் தாத்தா கையில் கொடுத்தேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து அதற்குள் வைத்துக்கொண்டார். பத்து நிமிஷம் இருக்கும். இறங்கி வந்து வாங்கியபோது ரப்பர் ஒரு பக்கம் உதடு மாதிரி பிதுங்கியிருந்தது.

"என்ன தாத்தா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலயே தம்பி. துண்டுக்குள்ளதான இருந்துச்சு."

வீட்டுக்கு வந்து அன்று ராத்திரியே சூப்பர் க்ளூ வாங்கி ஒட்டினேன். செய்யக்கூடாத காரியம். அந்தப் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். ரப்பரோ வளைந்துகொண்டே இருப்பது. மூணாம் நாள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. திரை ஓரத்தில் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி ஒரு கறை. ஒரு பொத்தான் அமுங்கினால் எழுந்து வரவில்லை. இனி மறைக்க முடியாது என்று திட்டப் பொறுப்பாளருக்குப் போன் போட்டேன்.

"எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

பயம். மூணு மாசச் சம்பளம். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்ற கணக்கு. "பெரியவர் கையில கொடுத்திருந்தேன் சார்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்படிச் சொல்ல எனக்கு நன்றாக வந்தது.

"அவங்க கையில எல்லாம் ஏம்பா குடுக்கிற?" என்றார் அவர். அடுத்த வாரத்திலிருந்து தாத்தாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு ஒருவர் வந்தார். தாத்தாவுக்கு அது நாளுக்கு இருநூற்றைம்பது ரூபாய்.

கருவியைச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ராஜபாளையத்தில் ரெண்டு செல்போன் கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். கடைசியில் எங்கள் ஊர் சைக்கிள் கடைக்கே போனேன். ரப்பரைப் பற்றித் தெரிந்த ஆள் அவர்தானே.

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரப்பரை முழுசாக உருவி எடுத்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். விரலால் நசுக்கினார். முகர்ந்தும் பார்த்தார்.

"கீழ போட்டியா?"

"இல்ல அண்ணாச்சி. இன்னொருத்தர் கையில இருந்தப்ப வந்துருச்சு."

"இது ஒரு நாள்ல வந்தது இல்ல தம்பி. எண்ணெய் குடிச்சிருக்கு. ட்யூப்ல கிரீஸ் பட்டா இப்படித்தான், ஊதி நீண்டுரும். உள்ள ஒட்டுன டேப்பும் கூழாயிருச்சு பாரு." பட்டையைத் திருப்பிக் காட்டினார். வலதுபக்கம் ஒரு இடம் மட்டும் பளபளவென்று ஊதியிருந்தது. எதிர்ப்பக்கம் நாலு சின்னப் பள்ளங்கள். "கட்டைவிரல், நாலு விரல். வலது கையில பிடிச்சிருக்காங்க. எல்லாரும் இடது கையில பிடிச்சுக்கிட்டு வலது கையில எழுதுவாங்க. நொட்டாங்கையா நீ?"

நான் இடது கையில் எழுதுகிறவன்.

"ஹேண்டில்பார் கிரிப்பைப் பாத்தே ஆளைச் சொல்லிருவேன்" என்று சிரித்தார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. காட்டில் உண்ணிக்கடிக்குப் பயந்து தினமும் காலையில் கையிலும் காலிலும் பூச்சிவிரட்டிக் களிம்பைப் பூசுவேன். பூசிய கையைத் துடைக்காமல் கருவியை எடுப்பேன். இந்த மாதிரிக் களிம்புகள் பலவற்றில் டீட் என்கிற வேதிப்பொருள் இருக்கிறது. காட்டில் சண்டை போடுகிற சிப்பாய்களுக்காக அமெரிக்காவில் கண்டுபிடித்து, 1946-இல் ராணுவத்துக்குக் கொடுத்தார்கள். தோலுக்குப் பெரிய கேடு இல்லை. ஆனால் சிலவகை பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் இளக்கிவிடும். வாட்ச் கண்ணாடி மங்கிப் போகும். இதெல்லாம் பிறகு படித்தது. அண்ணாச்சி எதையும் படிக்காமல் சொல்லிவிட்டார்.

அவர் சரிசெய்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் ரப்பரைச் சோப்புத்தண்ணீரில் கழுவி ரெண்டு நாள் நிழலில் போடச் சொன்னார். வெயிலில் போட்டால் வெடிக்கும். கொஞ்சம் சுருங்கியது, பழைய அளவுக்கு வரவில்லை. கருவியின் விளிம்பிலிருந்த கூழையும் என் சூப்பர் க்ளூ பொருக்கையும் நகத்தாலும் தீக்குச்சியாலும் சுரண்டினார். மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்கி வரச் சொல்லிப் பஞ்சில் தொட்டுத் துடைத்தார். பெட்ரோல் கூடாது, பிளாஸ்டிக் மங்கும் என்றார். மாட்டிக்கொண்டிருந்த பொத்தானை ஊசிமுனையால் விடுவித்தார். ரப்பரின் உள்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தார். பிறகு பஞ்சர் சொல்யூசனை எடுக்காமல், சீட் கவர் ஒட்ட வைத்திருந்த மஞ்சள் பசை டப்பாவைத் திறந்தார். "சொல்யூசன் ட்யூபுக்கும் ட்யூபுக்கும்தான். பிளாஸ்டிக்ல நிக்காது."

பசையை ரெண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவினார். பொத்தான் வரும் இடங்களை விட்டுவிட்டார். தடவியதும் நான் எடுத்து ஒட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"இரு. விரல வச்சா ஒட்டக்கூடாது. அப்பத்தான் ஒட்டணும்."

கால்மணி நேரம் ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். யாரோ ஒரு பையன் காற்றடிக்க வந்தான். அந்தக் கால்மணி நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். கேட்க வேறு யாரும் இல்லை, பெரிய குற்றமாகவும் அவர் எடுத்திருக்க மாட்டார். நான் சொல்லவில்லை.

பிறகு பொத்தான் துளையைச் சரியாகப் பார்த்து வைத்து, அங்கிருந்து சுற்றி அழுத்திக்கொண்டே வந்தார். மிஞ்சியதைக் கத்தியால் சீவினார். பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு நீளப் பட்டை வெட்டிக் கருவியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். "நாளைக்குக் காலையில அவுரு." காசு கேட்டதற்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அது அப்புறம் கழலவே இல்லை.

செண்பகத்தோப்புக்குப் போய்த் தாத்தாவைப் பார்க்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. வாசலில் விறகு கட்டிக்கொண்டிருந்தார். என் களிம்பினால்தான் ரப்பர் போனது, உங்கள் மேல் தப்பில்லை, நான்தான் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

கட்டை முடிச்சிட்டுவிட்டு நிமிர்ந்தார். "அந்த மருந்து நாத்தம் நீ வர்றதுக்கு முன்னாடியே வரும் தம்பி. மிருகம் எல்லாம் தள்ளிப் போயிரும். சொல்லலாம்னு நெனச்சேன். படிச்ச புள்ள, தெரியும்னு விட்டுட்டேன்."

"சார்கிட்ட பேசுறேன் தாத்தா. திரும்ப வாங்க."

"பேசு" என்றார். கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. நம்பிய மாதிரியும் தெரியவில்லை.

பேசினேன். "அப்படியா, சரி சரி, அடுத்த சுற்றுல பாத்துக்கலாம்" என்றார் பொறுப்பாளர். அடுத்த சுற்று வரவில்லை. தை மாதத்தோடு எங்கள் வேலை முடிந்தது. தாத்தாவுக்குப் போன அந்த நாட்களின் கூலி போனதுதான். என் கடைசிச் சம்பளத்திலிருந்து கொடுக்கப் போனபோது அவர் ஊரில் இல்லை. மருமகளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நேரில் கொடுக்காமல் போனதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

கருவியைத் திருப்பிக் கொடுத்த அன்று ஒருவர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஆன் செய்தார். பொத்தான்களை அமுக்கினார். வலதுபக்கம் ட்யூப் கட்டிய வரி மட்டும் லேசாகத் தெரிந்தது, அவர் கவனிக்கவில்லை. ரிஜிஸ்டரில் 'நிலை' என்ற கட்டத்தில் 'நன்று' என்று எழுதி என் பக்கம் தள்ளினார். நான் இடது கையால் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.