வாவிக்கரையில் ஒரு முன்நடை

ஆடிவேல் விழாவுக்கு முன்னே உகந்தைமலையிலிருந்து குமண, யால வனங்களைக் கடந்து கதிர்காமத்து மாணிக்க கங்கைக் கரையைச் சேரும் பாதயாத்திரையில் இவ்வாண்டு நானும் கலந்துகொள்வதென்று சங்கற்பம் செய்த நாள்முதலாக, பொழுது புலருமுன் குருக்கள்மடத்து வாவிக்கரையிலே நடந்து பழகி வருகிறேன்.

கால்களைப் பக்குவப்படுத்தத் தொடங்கிய அந்த நடை, நாளடைவில் மனத்துக்கும் ஆனந்தமாகிவிட்டது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டுகிடக்கும் மட்டக்களப்பு வாவி இளவெயிலில் மெல்ல ஒளிபெறுவதையும், கண்ணா மரங்களின் ஓரமாகத் தோணிக்காரர் வலை இழுப்பதையும், படுவான்கரை அம்பிளாந்துறைக்குச் செல்லும் ‘பாதை’ என்னும் மிதவையில் ஆசிரியர்களும் வேளாண்மைக்காரரும் ஏறி நிற்பதையும் காணுந்தோறும், அன்றாட வாழ்வே ஒரு தரிசனமாகத் தோன்றுகிறது.

வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து வேலேந்தி, கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமத்தை நோக்கி வாரக்கணக்கில் நடந்துவரும் அடியார்களுக்கு, சிறுபிராயத்தில் அம்மம்மாவுடன் வீதியோரம் நின்று மோர் வார்த்த ஞாபகம் இன்னும் நெஞ்சில் குளிர்கிறது. அன்று அவர்களுடைய புழுதி படிந்த பாதங்களை வியந்து நோக்கிய எனக்கு, அந்தப் பாதங்களின் பொறுமையை இந்த வாவிக்கரை இப்போது கற்பிக்கிறது.

யாத்திரைக்கு ஆயத்தமாகும் ஊரவர்களே, விடியற்காலையில் என்னோடு நடக்க வாருங்கள். அரோகரா!